விதர்பி கோயில் பலகையும் அப்பாவின் பதினோரு வருடமும்

அன்புள்ள அப்பா,

ஸ்தோத்திரம். நீங்கள் இருக்கிற இடத்தில் சுகமா என்று கேட்பது அசட்டுத்தனம்தான், ஆனாலும் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. இங்கே டெக்சாஸில், நம் கேட்டி ஊரில் வெயில் கொளுத்துகிறது. உங்கள் பேத்தி ஆபி காலேஜ் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். உங்கள் அறையில்தான் படுக்கிறாள். ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு உங்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, "விட்டுரும்மா" என்பீர்கள். உயிரோடு இருந்த நாளில் இதே விஷயத்துக்கு மூன்று தடவை அப்படிச் சொன்னீர்கள், மூன்று தடவையும் நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை விடப்போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நம் இருவருக்கும் நல்லது.

இந்தக் கடிதத்தை நம் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கம் மூன்று சேகரங்களில் சபைக் குருவாக, நம் பேச்சில் ஐயராக, இருந்துவிட்டு, அம்மா போன மறு வருடம், இங்கிலாந்தின் கிழக்கில் விதர்பி என்ற கிராமத்துக் கோயிலுக்குக் குருவாகப் போனீர்கள். பதினோரு வருடம் அங்கே. பிறகு ஆறு வருடம் டெக்சாஸில் என் வீட்டில். போன பிப்ரவரியில் போய்விட்டீர்கள்.

விதர்பி கோயிலில் அந்தப் பலகையை மாற்றுகிறார்கள், அப்பா.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் இருக்குமே, அதுதான். எழுநூறு வருடமாக அங்கே விக்கராக, அதாவது தலைமைக் குருவாக, இருந்தவர்களின் பெயர்கள், வருடத்தோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக. பிளேக் வந்த ஒரே வருடத்தில் மூன்று பெயர்கள் இருக்கும். நான் பார்க்க வந்தபோது அந்த மூன்றையும் விரல் வைத்துக் காட்டி, ஒருவர் செத்தால் அடுத்தவர் தெரிந்தே வந்திருக்கிறார் பார் என்றீர்கள். இப்போது பழைய பலகையை மரப்புழு அரித்துவிட்டதாம். செப்டம்பரில் அறுப்பின் பண்டிகையன்று புதுப் பலகை வைக்கப் போகிறார்கள். கோயில் பொறுப்பாளர் மார்கரெட் சந்தோஷமாக அதன் மாதிரியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.

கீழிருந்து படித்தேன். இப்போதிருக்கும் விக்கர் அம்மையார் பெயர் இருந்தது. அவருக்கு மேலே, உங்களுக்கு முன்னால் இருந்தவர் பெயர். நடுவில் பதினோரு வருடத்தைக் காணோம். அந்தப் பதினோரு வருடமும் கோயிலைப் பூட்டிச் சாவியைக் குளத்தில் போட்டுவிட்டார்களோ என்று நினைக்கும்படி இருந்தது.

மார்கரெட்டுக்கு எழுதினேன். பழைய பலகையில் எழுதாமல் விட்டது மறதியாக இருக்கும், புதியதில் சேர்த்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மறதி இல்லை. ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. பலகை விக்கர்களுக்கு மட்டும். அந்த வருடங்களில் நாலைந்து கோயில்களை ஒன்றாகச் சேர்க்கும் யோசனையில் மேலிடம் விக்கர் பதவியை நிறுத்தி வைத்திருந்ததால், பொன்னையா ஐயா பொறுப்புக் குருவாகத்தான் நியமிக்கப்பட்டார். வேலை ஒன்றுதான், பதவி வேறு. வழக்கப்படி பொறுப்புக் குருக்கள் பலகையில் ஏறுவதில்லை. இதற்காகக் கமிட்டி மிகவும் வருந்துகிறது.

வழக்கமாம். அந்த ஊர் வழக்கம் தெரியாமல் நீங்கள் செய்த காரியங்களை நான் சொல்லட்டுமா? ஜனவரி மாதத்து முதல் ஞாயிறு, நம் ஊரில் போல ஷூவை முகப்பில் கழற்றி வைத்துவிட்டு, பனிக்கட்டி மாதிரி இருந்த கல்தரையில் வெறுங்காலோடு திருவிருந்து கொடுத்தீர்கள். மறு வாரம் இதே மார்கரெட் தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னிக்கொண்டு வந்தார். அவற்றில் ஒரு ஜோடி இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய கூத்து வீட்டுச் சந்திப்பு. ஐயர் என்றால் வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ண வேண்டும், இல்லையென்றால் சபை கோபித்துக்கொள்ளும் என்பது நம் பழக்கம். அந்த ஊரில் குருமார் அணியும் கழுத்துப் பட்டையோடு ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது உங்களுக்குத் தெரியாது. முதல் வீட்டுப் பெண் உங்களைப் பார்த்ததும் வெளிறிப்போய், என் மகனா என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் பதறிப்போய், யாருக்கும் ஒன்றுமில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றிருக்கிறீர்கள். அவள் நம்பவில்லை, மகனுக்குப் போன் போட்டுப் பேசிய பிறகுதான் உள்ளே விட்டாள். நீங்கள் எட்டாவது வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விட்டது: யாரும் சாகவில்லை, புதுக் குரு சும்மா வருகிறார், டீக்குத் தண்ணீர் வையுங்கள்.

அப்புறம் பதினோரு வருடமும் அது நிற்கவில்லை. கோயிலுக்கே வராத வீடுகளுக்கும் போனீர்கள். ஜெபம் வேண்டாம் என்றவர்களோடு மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தீர்கள். உங்களை அனுப்பிவைத்த ஞாயிறன்று கோயிலில் உட்கார இடமில்லாமல் கல்லறைத் தோட்டம்வரை ஆட்கள் நின்றதை நான் பார்த்தேன். அப்படி ஒருவர் அங்கே இருந்தார் என்பதற்குப் பலகையில் ஒரு வரி கேட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

மார்கரெட்டின் அடுத்த கடிதத்தில் ஒரு யோசனை வந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெஞ்ச் போட்டு, "அன்பான நினைவாக" என்று உங்கள் பெயரைப் பொறிக்கிறார்களாம். திறந்துவைக்க நான் வர வேண்டுமாம்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருந்தால் எழுந்து போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பீர்கள். நன்றி, பெஞ்ச் வேண்டாம் என்று எழுதினேன். அப்பாவை நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு மரப்பலகை தேவையில்லை, நான் கேட்டது நினைவு அல்ல, சரித்திரம் என்று எழுதினேன். அனுப்பிவிட்டுத் திரும்பப் படித்தபோது ஒரு வார்த்தையையும் மாற்றத் தோன்றவில்லை.

நம் சபையில் விஷயம் பரவிவிட்டது. ஸ்டீபன் அங்கிளை ஞாபகமிருக்கிறதா, உங்களை ஒவ்வொரு ஞாயிறும் காரில் கூட்டிப்போவாரே, அவர் ஆராதனை முடிந்து பார்க்கிங்கில் என்னை நிறுத்தினார். "கிரேஸ், ஐயா ரொம்ப ஹம்பிளான மனுஷன்மா. அவர் பேருக்காக நீ இப்டி ஃபைட் பண்றது அவருக்கே பிடிக்காது. பெஞ்ச் நல்ல ஆஃபர், அக்செப்ட் பண்ணிக்கோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தாழ்மை அப்பாவின் குணம் அங்கிள், அதை வைத்து அவர் பெயரை மற்றவர்கள் அழிக்கக் கூடாது என்றேன். அவர் கார் கதவைத் திறந்துகொண்டே, நீ உன் அம்மா மாதிரி என்றார். நம் அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. நீங்கள்தான் என்னவோ சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் ஏன் விட்டுவிடச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை காரணமும் சொன்னீர்கள். இங்கே, இதே சாப்பாட்டு மேஜையில், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நம்ம ஊரு கோயில்ல கல்லு வெட்டி வச்சிருக்காவளே, அதுல ஒரு உபதேசியார் பேராவது இருக்காம்மா? வெயில்லயும் மழையிலயும் ஊர் ஊரா நடந்து சபைய வளத்தது அவிய. கல்லுல இருக்கது தொர பேரும் ஐயர் பேரும். அப்பல்லாம் நமக்கு வலிக்கல. இப்ப எம்பேரு இல்லன்னதும் வலிக்கோ? விட்டுரும்மா."

அதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். அங்கே ஐயருக்குக் கீழே ஊழியம் செய்த உபதேசியாருக்குச் செய்ததும் அநியாயம், இங்கே உங்களுக்குச் செய்ததும் அநியாயம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

கமிட்டியோடு பேச வேண்டும் என்று கேட்டேன். ஆதாரம் இல்லாமல் போகக் கூடாது என்று உங்கள் நோட்டுகளை எடுத்தேன். ஆறு நோட்டு. விதர்பி கோயிலின் சரித்திரம், முழுக்கத் தமிழில். யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டபோது, அவர்கள் நம் கிராமங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்களே, நாமும் அவர்கள் கிராமத்தைப் பற்றி ஒன்று எழுதி வைப்போம் என்று சிரித்தீர்கள். விளையாட்டு என்று நினைத்தேன், அப்பா. நீங்கள் இருந்தபோது ஒரு பக்கம்கூட நான் படிக்கவில்லை. அதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

முதல் நோட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டேன். பழைய மிஷனரி அறிக்கை தோரணையில் ஆரம்பித்திருக்கிறீர்கள்: "இவ்வூர் ஜனங்கள் சாதுக்கள், தேநீரில் பிரியமுள்ளவர்கள். நாயோடு பேசுவதில் பாதிகூட அண்டை வீட்டாரோடு பேசுவதில்லை. ஆயினும் நற்போதனையால் திருந்தக் கூடியவர்கள்." ஆபிக்கு இங்கிலீஷில் சொன்னேன், அவள் நாற்காலியிலிருந்து விழப்போனாள்.

மூன்றாவது நோட்டில் எனக்கு வேண்டியது கிடைத்தது. பலகையில் ஒருவர் பெயருக்கு நேரே முப்பத்தொரு வருடம் என்று இருக்கிறது. எழுநூறு வருடத்தில் அதுதான் நீளம். அந்த மனுஷன் விதர்பிக்கு ஒரு நாள்கூட வந்ததில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சதுப்பு நிலத்துக் காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று தூரத்தில் ஒரு கடற்கரை ஊரில் இருந்துகொண்டு, இங்கிருந்து வரும் தானியப் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். வராத மனுஷனுக்குப் பலகையில் இடம் இருக்கிறது. பதினோரு வருடம் வீடு வீடாக நடந்தவருக்கு இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அங்கே மத்தியானம், வீடியோவில் கமிட்டி உட்கார்ந்தது. ஏழு பேர். நான் அந்த முப்பத்தொரு வருடத்துக்காரரைப் பற்றிக் கேட்டேன். இவர் எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், எத்தனை பேரை அடக்கம் பண்ணினார் என்று கேட்டேன். மார்கரெட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கமிட்டித் தலைவர் நல்லவராகத்தான் தெரிந்தார். விவசாயி, உங்களைத் தெரிந்தவர். அவர் மெல்ல ஒரு கேள்வி கேட்டார். பொன்னையா எங்கள் எல்லோருக்கும் வேண்டியவர். ஆனால் அவர் இதைக் கேட்டாரா? அவர் இதை விரும்பியிருப்பாரா?

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. என் கையில் இருந்ததெல்லாம் உங்கள் மூன்று "விட்டுரும்மா"தான். பொய் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். செப்டம்பருக்கு முன்னால் இன்னொரு முறை கூடி யோசிக்கிறோம் என்றார்கள். அந்த ஊரில் யோசிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

லேப்டாப்பை மூடினேன். ஆபி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "மாம், டோன்ட் ஸ்டாப்" என்றாள். தாத்தா எழுதியதை முழுவதும் இங்கிலீஷில் போட்டு அவர்களுக்கே அனுப்பலாம் என்பது அவள் யோசனை. அவளுக்குத் தமிழ் புரியும், வாசிக்க வராது. அதனால் நான் வாசித்துச் சொல்ல, அவள் டைப் பண்ணினாள். இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் இதுதான் எங்கள் வேலை.

ஐந்தாவது நோட்டு ஒரே அதிகாரம்தான். "பலகையில் ஏறாதவர்கள்" என்று தலைப்பு. வராத விக்கர்களுக்குப் பதிலாக வந்து, சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்த உதவிக் குருக்கள். பழைய ஞானஸ்நானப் புத்தகத்திலும் அடக்கப் புத்தகத்திலும் இருந்த கையெழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி, பஸ் பிடித்து ஆவணக் காப்பகத்துக்கு வாரா வாரம் போய், ஆள் யார் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஒன்பது பேர். ஒரே குளிர்காலத்தில் பதினாலு குழந்தைகளை அடக்கம் பண்ணியவர் ஒருவர். சம்பளம் போதாமல் பள்ளிக்கூடமும் நடத்தியவர் ஒருவர். ஒருவருக்குப் பெயரின் பாதிதான் கிடைத்தது, மீதியைப் புழு தின்றுவிட்டது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்டு ஒரு பக்கம்.

நான் உங்களை என்னவென்று நினைத்திருந்தேன், அப்பா? எதையும் விட்டுக்கொடுத்துப் போகிறவர் என்று. நீங்கள் யாருக்கும் தெரியாமல் ஒன்பது பேருக்காக வழக்காடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உபதேசியாருக்குச் செய்யத் தவறியதை அங்கே அவர்களுக்குச் செய்தீர்களா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

ஒன்பதாவது முடிந்து பக்கத்தைத் திருப்பினேன். பத்து என்று நம்பர் போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே பென்சிலில் இரண்டே வரி. ஆபி டைப் பண்ணத் தயாராகக் கையை வைத்துக்கொண்டு, "ஹூ இஸ் டென்?" என்று கேட்டாள். அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பத்தாவது ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவது சரித்திரக்காரனுக்கு அழகல்ல."

ஆபி டைப் பண்ணுவதை நிறுத்திவிட்டு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அழுதேன், அப்பா. ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்தது. விட்டுரும்மா, விட்டுரும்மா என்று என்னிடம் சொல்லிக்கொண்டே நம்பரைப் போட்டு வைத்திருக்கிறீர்களே! இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, செத்த பிறகு வருகிறேன் என்று காத்திருந்திருக்கிறீர்கள்.

கமிட்டித் தலைவருக்கு அன்றே எழுதினேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அந்த இரண்டு வரியை இங்கிலீஷில் எழுதி, அப்பா பிப்ரவரியில் தகுதி பெற்றுவிட்டார் என்றும் சேர்த்தேன். கூடவே என் கோரிக்கையும் மாறிவிட்டது என்று சொன்னேன். இப்போது ஒரு பெயர் போதாது. பத்துப் பெயரும் வேண்டும். பாதிப் பெயர் கிடைத்தவருக்குப் பாதிப் பெயராவது வேண்டும்.

கமிட்டியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. மார்கரெட் மட்டும் தனியாக எழுதினார், நாலே வரி. கூட்டத்தில் நான் வாயைத் திறக்காதது தப்பு, அடுத்த கூட்டத்தில் திறப்பேன் என்று. அவர் ஒரு ஓட்டு. மீதி ஆறு ஓட்டு எப்படிப் போகும் என்று தெரியவில்லை. நம் ஊர்க் கல்வெட்டு விஷயமாகவும் சேகரக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், உபதேசியார்களின் பெயர் எங்கே என்று கேட்டு. அவர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

பத்தாவது பக்கத்தை நானே எழுதிவிட்டேன். உங்கள் பென்சில் வரிகளை அழிக்கவில்லை, அதற்குக் கீழேயே எழுதினேன். உங்கள் நடை எனக்கு வராது. வீட்டுச் சந்திப்பை எழுதினேன், வெறுங்காலை எழுதினேன், ஜெபம் வேண்டாம் என்றவர்களோடு மாட்டைப் பற்றிப் பேசியதை எழுதினேன். புகழவில்லை. நடந்ததை மட்டும் எழுதினேன்.

ஹூஸ்டனிலிருந்து எனக்கும் ஆபிக்கும் டிக்கெட் போட்டாயிற்று. அறுப்பின் பண்டிகையன்று நாங்கள் அந்தக் கோயிலில் இருப்போம். பலகையில் பத்துப் பெயரும் இருந்தால் மண்டியிட்டு ஜெபம் பண்ணிவிட்டு வருவோம். இல்லையென்றால் எழுந்து நின்று, ஒவ்வொன்றாக, பத்தையும் உரக்க வாசிப்பேன். உட்காரச் சொன்னாலும் வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்காருவேன். அடுத்த வருடமும் போவேன். எனக்கு முடியாத வருடம் ஆபி போவாள், அவளே சொல்லிவிட்டாள். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு, அப்பா. வேண்டாம் என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
பத்தாவது ஆளின் மகள்,
கிரேஸ்